முத்தியால்பேட்டை மாடி வகுப்பு: கேம் டிசைன் இன்டர்வியூவுக்கு 6,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேம் டிசைனர் வேலைக்கு முதல் இன்டர்வியூ போகிறவர்களுக்கென்றே புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வகுப்பு நடக்கிறது. மூன்று வாரம், சனி ஞாயிறு மட்டும். கட்டணம் 6,000 ரூபாய். நடத்துகிறவர் ஒரே ஆள்தான், பெங்களூரில் மொபைல் கேம் கம்பெனிகளில் பல வருடம் டிசைனராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்து நானும் முடித்தேன். காலேஜ் ஜூனியர்கள் ஒவ்வொருவராக "எப்படி இருக்கு, சேரலாமாக்கா" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

வகுப்பின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், அவரோ தனி ஆளாக நடத்துகிறார். முத்தியால்பேட்டைப் பக்கம் கேம் டிசைன் சொல்லித்தருகிறவர் யார் என்று விசாரித்தால் தெரிந்துவிடும். என் கணக்கில் இந்தக் கட்டணத்தில் பாதி வீண். மறுபாதிக்கு அவர் இன்னும் கூடவே கேட்டிருக்கலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் 'கேம் டிசைன்' என்று போர்டு மாட்டியிருக்கும் பல இடங்களில் சொல்லித்தருவது 3டி மாடலிங்கும் அனிமேஷனும். அது ஆர்ட்டிஸ்ட் வேலை. கோடு எழுதுவது புரோகிராமர் வேலை. ஆட்டத்தின் விதி என்ன, தோற்றால் என்ன ஆகும், இரண்டாவது நாள் ஆட்டக்காரர் ஏன் திரும்பி வருவார், ஒரு வாளின் விலை ஏன் 200 காசு, ஏன் 300 இல்லை என்று முடிவு செய்கிறவர்தான் டிசைனர். இந்தப் பிரிவினை தெரியாமல் இன்டர்வியூவில் போய் உட்கார்ந்தால் முதல் கேள்வியிலேயே ஆட்டம் குளோஸ். இந்த வகுப்பில் அந்தக் குழப்பம் இல்லை. சேருமுன் போனிலேயே கேட்டார்: "உனக்கு வரையணுமா, கோடு எழுதணுமா, விதி எழுதணுமாம்மா?" விதி என்றேன். "சரி, வா" என்றார்.

இனி வீணான பாதி. பணம் கட்டியதும் வாட்ஸ்அப்பில் ஒரு பெரிய பிடிஎஃப் வருகிறது, 'கேள்வி வங்கி' என்ற பெயரில். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று பேங்க் வேலைக்குப் போகிறவரையும் கேட்கிற கேள்விகள்தான் அதில் முக்கால்வாசி. கடைசியில் விண்ணப்பிக்க வேண்டிய கம்பெனிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் பாதி, பணம் கட்டி ஆடும் ரம்மியும் ஃபேன்டஸி கிரிக்கெட்டும் நடத்தியவை. 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் சட்டம் போட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. அதற்கப்புறம் பல கம்பெனிகள் அந்தப் பிரிவை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அவ்வளவு பெரிய செய்தி வந்த பிறகும் பட்டியலைத் திருத்தவில்லை. கேட்டேன். "ஆமாம்மா, மாத்தணும்" என்றார். நான் முடித்து வரும்வரை மாற்றவில்லை.

முதல் வாரத் தியரி வகுப்புகளும் அப்படித்தான். ராபின் ஹுனிக்கி, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் ஸூபெக் என்ற மூன்று பேர் 2004-ல் எழுதிய எம்டிஏ (மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஈஸ்தெடிக்ஸ்) கட்டுரையை ஸ்லைடு ஸ்லைடாக வாசித்தார். விதிகள் ஒரு அடுக்கு, அந்த விதிகளை வைத்து ஆடும்போது நடப்பது இன்னொரு அடுக்கு, ஆடுகிறவர் மனதில் எழும் உணர்வு மூன்றாவது. டிசைனர் விதியிலிருந்து தொடங்குகிறார், ஆட்டக்காரர் உணர்விலிருந்து தொடங்குகிறார். உருப்படியான விஷயம்தான், இன்டர்வியூவிலும் கேட்கிறார்கள். ஆனால் கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஐந்தாறு பக்கம்தான், வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முதல் லெவல், எதையும் சொல்லாமலேயே குதிக்கக் கற்றுக்கொடுக்கும் அழகைப் பற்றி ஒரு முழு மதியம் போனது. யூட்யூபில் அதைப் பற்றி எத்தனையோ வீடியோ இருக்கிறது. அதற்காகத் தவளக்குப்பம், அரியாங்குப்பம் டிராஃபிக்கில் நின்று நின்று வர வேண்டியதில்லை.

இடத்தைப் பற்றி: மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. மே மாதம் போனேன், கொதிக்கிறது. கரண்ட் போனால் இன்வர்ட்டரில் ஃபேன் மட்டும் ஓடும், லேப்டாப் சார்ஜ் ஏறாது. பத்து மணி வகுப்புக்கு அவர் கீழேயிருந்து மேலே வர பத்தே முக்கால் ஆகும். கடலூரிலிருந்து ஆறு மணிக்கே எழுந்து வருகிறவளுக்கு அது எரிச்சல். பதினொன்றரைக்கு அவர் வீட்டிலிருந்து வரும் இஞ்சி டீ கொஞ்சம் சமாதானப்படுத்தும். விளம்பரத்தில் 'நூறு சதவீத வேலை உறுதி' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். முதல் நாளே அவர் வாயால், "அது போஸ்டர் டிசைன் பண்ண பையன் போட்டது, வேலை வாங்கித் தர்றதெல்லாம் என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டார். சொன்ன நேர்மை சரி. ஆனால் அந்தப் போஸ்டர்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

குறை போதும். இரண்டாம் வாரத்தில் மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ, ஆரம்பிக்கிறது. அங்கே வேறு ஆளாக மாறிவிடுகிறார்.

பேட்சில் ஆறு பேர். ஒருவர் முன்னால் உட்கார, மற்றவர்கள் பார்க்க வேண்டும். என் முறை வந்ததும், பலம் பலவீனமெல்லாம் கேட்கப்போகிறார் என்று தயாராக உட்கார்ந்தேன். மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து என் முன்னால் உருட்டினார்.

"ஆடத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆயா வீட்ல லீவுக்கு லீவு ஆடுவோம்."

"காய் இறங்க என்ன விழணும்?"

"தாயம்."

"சராசரியா எத்தனை தடவைக்கு ஒரு தடவை விழும்?"

இத்தனை வருடம் உருட்டியிருக்கிறேன், அதை யோசித்ததே இல்லை. கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லாத பக்கம். இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். தாயம் என்றால் ஒன்றில் ஒரு புள்ளி, இன்னொன்றில் வெறும் பக்கம். அது இரண்டு விதத்தில் வரும். 16-ல் 2, அதாவது எட்டில் ஒன்று. பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டினேன். தலையாட்டினார். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்தது.

"அப்ப எட்டு தடவை போட்டா கண்டிப்பா விழுந்துடும்?"

விழாது. ஒரு தடவை விழாமல் போக வாய்ப்பு எட்டில் ஏழு. அதை எட்டு தடவை பெருக்க வேண்டும். போனில் பெருக்கினால் 0.34 சொச்சம் வருகிறது. மூன்று பேரில் ஒருவர் எட்டு தடவை உருட்டியும் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

"இதையே அப்படியே போன் கேமா போட்டா அந்த மூணாவது ஆளு என்ன பண்ணுவான்?"

"ஆப்பைத் தூக்கிடுவான் சார்."

"உங்க ஆயா வீட்ல மட்டும் ஏன் யாரும் எழுந்து போகல?"

எனக்குக் கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினேன். ஆயா வீட்டில் தாயம் விழாதவர்தான் அதிகம் பேசுவார். மாமா கட்டையை ஊதி ஊதிப் போடுவார், சித்தி அவரைக் கிண்டலடிப்பார், அடுத்தவர் காய் வெட்டுப்படும்போது கூச்சல் போடுவதே காய் இறங்காதவர்தான். காத்திருக்கிறவருக்கும் அங்கே வேலை இருந்தது. போனில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒன்றும் கிடையாது. "அப்ப அவனுக்கு என்ன குடுப்ப?" என்றார். மூன்று வழி சொன்னேன். ஆரம்பத்திலேயே ஆளுக்கொரு காய் இறக்கிவிடுவது. ஐந்தாவது உருட்டலில் கட்டாயம் தாயம் விழவைப்பது. ஒவ்வொரு தடவை தவறும்போதும் அடுத்த தடவைக்கான வாய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. ஒன்றை எடுத்து வாதாடு என்றார். மூன்றாவதை எடுத்தேன். அப்படிக் கூட்டுவதை ஆட்டக்காரரிடம் சொல்வாயா, மறைப்பாயா என்று கேட்டார். மறைத்தால் ஏமாற்றா என்றார். நான்கு பேர் ஆடும்போது ஒருவருக்கு மட்டும் கூடினால் மற்ற மூவருக்கு அநியாயமில்லையா என்றார். அரை மணி நேரத்துக்கு மேல் அந்த இரண்டு கட்டையை வைத்தே ஓட்டினார். முடியும்போது என் சுடிதார் வியர்வையில் நனைந்திருந்தது, ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் காரணமில்லை.

சரியான விடை என்று அவர் எதையும் கடைசிவரை சொல்லவில்லை. டிசைன் இன்டர்வியூவில் பார்ப்பது அதைத்தான் என்றார். கணக்குப் போடத் தெரிகிறதா, கணக்கிலிருந்து ஒரு மனிதரின் சலிப்புக்கோ சந்தோஷத்துக்கோ வந்து சேரத் தெரிகிறதா, எடுத்த முடிவால் எதை இழக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிகிறதா. இந்த மூன்றும் எந்தப் பிடிஎஃபிலும் வராது, ஒருவர் எதிரே உட்கார்ந்து குடைந்தால்தான் வரும்.

மொழி விஷயத்திலும் அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் முதல் பதில் தமிழில், அதே பதில் திரும்ப ஆங்கிலத்தில். பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு பையன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் மனப்பாடம் செய்த வரிகளாகவே கொட்டுவான். தமிழில் சொல்லச் சொன்னதும் மடமடவென்று காரணம் காரணமாக அடுக்கினான். அப்புறம் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றினான். மூன்றாம் வாரம் அவன்தான் பேட்சிலேயே தெளிவாகப் பேசியவன்.

அடுத்தது போர்ட்ஃபோலியோ, அதாவது நாம் செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பு. கோடோ (Godot) என்ற கேம் செய்யும் மென்பொருளில் நான் ஒரு சின்ன கேம் செய்து வைத்திருந்தேன். கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம். கூடையின் மேல் அடுக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியும், அடியில் சங்கரா இருக்கிறதா, வெறும் கவளையா என்பது வாங்கிக் கொட்டினால்தான் தெரியும். நேரம் போகப் போக ஐஸ் உருகும், மீனின் விலை இறங்கும். அவர் போனை வாங்கிக்கொண்டார். "நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஆட ஆரம்பித்தார். கட்டைவிரல் எங்கெல்லாம் தயங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் இடது கையால் பேப்பரில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். ஆடி முடித்துச் சொன்ன முதல் விஷயம், ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டையை அவர் பார்க்கவே இல்லை என்பது. அது திரையின் உச்சியில் இருந்தது, கண்ணோ கீழே கூடையிலேயே இருந்தது. இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. "எப்பவுமே முதல் கூடையையே வாங்கினா லாபம் வந்துடுது. யோசிக்கறதுக்கு வேலையே வைக்கலியே?" காத்திருந்தால் ஐஸ் உருகி நஷ்டம் மட்டுமே வருகிறது, காத்திருப்பதால் ஒரு லாபமும் இல்லை. அப்புறம் எவன் காத்திருப்பான்? வீட்டுக்கு வந்து, அடுத்தடுத்து வரும் கூடைகளில் வஞ்சிரத்தின் பங்கு கூடும்படி மாற்றினேன். ஐஸ் பட்டையை எடுத்துவிட்டு, கூடையிலிருந்தே தண்ணீர் சொட்டுவதாக வைத்தேன். தம்பி கையில் கொடுத்தேன். முன்பெல்லாம் இரண்டு நிமிடத்தில் திருப்பித் தந்தவன், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

போர்ட்ஃபோலியோ பக்கத்தில் இந்த மாற்றத்தையே எழுதச் சொன்னார். முன்பு இப்படி இருந்தது, இன்னார் ஆடியபோது இது தெரிந்தது, இதைத் தூக்கினேன், எண்களை இப்படி மாற்றினேன் என்று, எக்ஸெல் ஷீட்டோடு. அழகான படங்களைவிட அந்த ஷீட்டைத்தான் உள்ளே இருக்கிறவர்கள் திறந்து பார்ப்பார்கள் என்றார். இன்னொன்றும் கறாராகச் சொன்னார்: ஏபிகே (ஆண்ட்ராய்டு போனில் நேராக ஏற்றும் ஆப் ஃபைல்) அனுப்பாதே. முன்பின் தெரியாத ஆள் அனுப்பும் ஏபிகேயை யார் தன் போனில் ஏற்றுவார்கள்? கோடோவிலிருந்து பிரவுசரில் ஓடும்படி எடுத்து, கேம்களைப் போட்டு வைக்கும் இட்ச் டாட் ஐஓ தளத்தில் இலவசமாக ஏற்றி, லிங்க்கை அனுப்பினால் தொட்டதும் ஆட்டம் திறக்கும். கூடவே ஒரு நிமிட வீடியோவும். கோடோவா, அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான யூனிட்டியா என்ற சண்டைக்கும் இங்கேயே பதில் கிடைத்தது. வேலை விளம்பரங்களில் யூனிட்டி என்றுதான் அதிகம் போடுகிறார்கள், அதனால் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் டிசைனர் ஒரு யோசனையை ஆடிக் காட்ட இலவசமான கோடோவே போதும். பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது என்பது என் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம்.

மூன்றாம் வாரம் எழுத்துத் தேர்வு மாதிரி. கேண்டி க்ரஷில் ஏன் 5 உயிர், ஒன்று திரும்பி வர ஏன் 30 நிமிடம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். 5 உயிரும் தீர்ந்தால் முழுதாக நிரம்ப இரண்டரை மணி நேரம். ஜெயித்தால் உயிர் போவதில்லை, தோற்றால்தான் போகும். ஆகவே நன்றாக ஆடுகிறவரை ஆட்டம் தடுப்பதே இல்லை, திணறுகிறவரைத்தான் நிறுத்துகிறது. இன்னும் ஒரு தடவை என்று மனசு துடிக்கிற அந்த இடத்தில்தான் காசு கேட்கிறது, இல்லை நண்பரிடம் உயிர் கேட்கச் சொல்கிறது. இவ்வளவு தூரம் நாங்களே வந்துவிட்டோம். அதற்கு மேல் அவர் கேட்டது: 30-ஐ 10 ஆக்கினால் எந்த எண் மாறும்? வருமானமா, மறுநாள் திரும்பி வருகிறவர்களின் சதவீதமா, ஒரு நாளில் எத்தனை தடவை திறக்கிறார்கள் என்பதா? எது ஏறும், எது இறங்கும், எதைப் பார்த்து முடிவு செய்வாய்? டி1, டி7, டி30 (ஆட ஆரம்பித்து 1, 7, 30 நாள் கழித்துத் திரும்பி வருகிறவர்களின் சதவீதம்) என்ற சொற்களை யூட்யூபில் கேட்டிருந்தேன். அவை யாருக்கு எதற்குப் பயன்படுகின்றன என்று அந்த மதியம்தான் பிடிபட்டது. ஒரே ஒரு குறை, ஆறு பேர் எழுதிய தாளையும் அவர் திருத்தித் தரவில்லை. இரண்டு பேருடையதை மட்டும் படித்துவிட்டு, மற்றவர்களுடையதை அப்புறம் அனுப்புகிறேன் என்றார். எனக்கு வரவே இல்லை.

நிஜ இன்டர்வியூ எப்படிப் போனது என்றுதானே கேட்பீர்கள். சென்னையில் ஒரு மொபைல் கேம் கம்பெனி, வீடியோ காலில். பலம் பலவீனம் கேட்கவில்லை. மீன் ஏலத்தை அவர்களே முன்னாடியே ஆடிப் பார்த்திருந்தார்கள், எதைத் தூக்கினாய், ஏன் என்றுதான் முதல் கேள்வி. அப்புறம் ஒரு கணக்கு: பெட்டி ஒன்றைத் திறந்தால் 5 சதவீத வாய்ப்பில் அரிய வாள் கிடைக்கும், 20 பெட்டி திறந்தும் கிடைக்காதவர் எத்தனை பேர் இருப்பார்கள்? தாயக்கட்டையேதான், வேறு வேஷத்தில். 0.95-ஐ 20 தடவை பெருக்கினால் சுமார் 36 சதவீதம். சொல்லிவிட்டு, அந்த 36 பேருக்கு என்ன செய்யலாம் என்று அவர்கள் கேட்குமுன் நானே தொடங்கினேன். நடுவில் இருந்தவர் சிரித்தார். உனக்குப் பிடிக்காத ஒரு கேமைச் சொல், அது யாருக்குப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்ற கேள்வி மட்டும் வகுப்பில் வராதது. லூடோ கிங் என்று சொல்லிச் சமாளித்தேன், எங்கள் வீட்டில் லாக்டவுனில் அம்மாவும் பெரியம்மாவும் அதிலேயே கிடந்ததை வைத்து.

எழுத்துத் தேர்வும் தாண்டினேன். கடைசியில் ஹெச்ஆர் போன் செய்து, இந்தப் பதவிக்கு ஆள் எடுப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். மூன்று ரவுண்டு முடிந்த பிறகு! அதைத் திட்டித் தனியாக ஒன்று எழுதலாம். வகுப்பின் மேல் அந்தப் பழி இல்லை. வேறு இரண்டு இடங்களுக்கு லிங்க் அனுப்பியிருக்கிறேன்.

யார் சேரலாம்? கையில் ஆடக்கூடிய ஒரு சின்ன கேமாவது இருக்கிறவர்கள் சேரலாம், காகிதத்தில் வெட்டிச் செய்த போர்டு கேமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றுமே செய்யாமல் போனால் போர்ட்ஃபோலியோ நாளில் அடுத்தவருடையதை வேடிக்கை பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். கோடிங் கற்க நினைப்பவர்களும் வரைய ஆசைப்படுகிறவர்களும் போக வேண்டாம். லேப்டாப்பை வீட்டிலேயே முழுதாக சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள். வெயில் காலம் என்றால் தண்ணீர் பாட்டில் இரண்டு.

முழுக் கோர்ஸும் எடுக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. வில்லியனூரிலிருந்து வந்த ஒரு அக்கா மாக் இன்டர்வியூவும் போர்ட்ஃபோலியோவும் மட்டும் வேண்டும் என்று கேட்டு 2,500 ரூபாய்க்கு முடித்துக்கொண்டார். சார் தானாக அதைச் சொல்ல மாட்டார். போன் பண்ணும்போது நீங்களே கேளுங்கள், கூடவே எழுத்துத் தேர்வுத் தாளைத் திருத்தித் தர வேண்டும் என்றும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.